ஐயா நிறுத்திய வரி: கேள்வி பதில்

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், தனுஷ்கோடி ஜெட்டியில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அவர் பாதியில் விட்டிருந்த கதையை எடுத்து நான் குறுநாவலாக எழுதி முடித்தேன். அதைப் படித்த பலர் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கதைகளோடு வந்தார்கள். எல்லோரும் நம் கடற்கரைக்காரர்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, தாத்தா சங்கு குளிக்கிறவர்களைப் பற்றி இருபது பக்கம் எழுதிவிட்டு இறந்துபோனார். அதை நான் தொடர்ந்தால் திருட்டு மாதிரி ஆகாதா?

ஆகாது தம்பி. அவர் அதை எரிக்கவில்லை, கிழிக்கவில்லை, பெட்டியில் வைத்திருந்தார். ஆனால் உடனே இருபத்தோராம் பக்கத்தை எழுத உட்காராதீர்கள். முதலில் அந்த இருபது பக்கத்தையும் உங்கள் கையால் ஒருமுறை அப்படியே படியெடுங்கள். எங்கே அவர் கை வேகமாக ஓடியிருக்கிறது, எங்கே அடித்து அடித்து எழுதியிருக்கிறார் என்று அப்போது தெரியும். எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் கற்றதைப் பிறகு எதிலும் கற்கவில்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை: என் உம்மாவின் உம்மா எழுதிவைத்த கதைக்குறிப்பு அரபுத்தமிழில் இருக்கிறது. எனக்கு ஓதத் தெரியும், ஆனால் இதை வாசிக்க முடியவில்லை.

உங்கள் கையில் இருப்பது பெரிய சொத்து. எழுத்து அரபி, மொழி தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ங போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி நம் ஆட்கள் புது எழுத்துகளே உண்டாக்கிக்கொண்டார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களே தடுமாறுவது அந்த எழுத்துகளில்தான். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இந்த எழுத்தில் நிறைய எழுதியது உங்கள் ஊரில் இருந்துதான். அதனால் பழைய கிதாபுகளை வாசித்துப் பழகிய வயதானவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரு சொல்லைக்கூடத் திருத்தாதீர்கள். 'வந்துக்கிட்டு' என்று அவர் எழுதியிருந்தால் அது 'வந்துகொண்டு' ஆகக்கூடாது. அவருடைய குரல் இருப்பது அங்கேதான். கதையை வளர்ப்பது அதற்குப் பிறகு, வேறு நோட்டில்.

தொண்டியிலிருந்து ஒருவர்: தாத்தா எழுதிவைத்த கதையை நான் தொடரலாம் என்றால், அப்பாவின் தம்பி, தங்கை எல்லோரும் 'அது எங்கள் அப்பா சொத்து' என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கதைக்கருவுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை, எழுதிய வடிவத்துக்குத்தான் தருகிறது. கரு யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றமும் ஒரு நாடகம், சினிமா வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆகவே தாத்தாவின் யோசனையை வைத்து உங்கள் சொற்களில் எழுதினால் யாரும் தடுக்க முடியாது. அவர் எழுதிய வரிகளையே சேர்த்தால் நிலைமை வேறு. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது வெளிவராத எழுத்துக்கு, அது முதலில் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு, அது வாரிசுகள் எல்லோருக்கும் போகும். கையெழுத்துப் படியை உயிலில் ஒருவருக்கென்று எழுதிவைத்திருந்தால், உயிலில் வேறு மாதிரி சொல்லாதவரை, உரிமையும் அவருக்கே. அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எல்லோர் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஆனால் சித்தப்பாவும் அத்தையும் மறுப்பது பணத்துக்காகத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களுக்கு அது அப்பாவின் கையெழுத்து. ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு ஆசிரியர்: தாத்தாவின் கதை முழுக்கக் கடல் சொற்கள். வெளியூர் வாசகருக்குப் புரியுமா? பின்னால் அகராதி போடலாமா?

நான் போடவில்லை. சொல் வேலை செய்தால் பொருள் தானே வந்துவிடும். வாடை வடக்கிருந்து வரும், சோழகம் தெற்கிருந்து, கச்சான் மேற்கிருந்து, கொண்டல் கிழக்கிருந்து என்று பட்டியல் போட்டால் யாருக்கும் நிற்காது. வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். கச்சானும் சோழகமும் வந்தால் இரண்டும் தலைகீழ். அதனால்தான் காற்று மாறும்போது நம் ஆட்கள் வள்ளத்தைக் கரை மாற்றுகிறார்கள். உங்கள் பாத்திரம் ஒருவன் வாடை தொடங்கியும் வள்ளத்தை மாற்றாமல் இருக்கிறான் என்று எழுதுங்கள். அமைதியானது என்று 'பெண்கடல்' என நாம் சொல்லும் பாக் நீரிணைக் கரையில் ஏன் இவ்வளவு அலை என்ற கேள்வியிலேயே வாசகருக்குக் காற்றும் கடலும் புரிந்துவிடும்.

மூக்கையூரிலிருந்து: தாத்தாவின் குறிப்பில் ஒருவன் 1970இல் பஸ்ஸில் ராமேசுவரம் போகிறான். திருத்தலாமா?

சாலைப் பாலம் திறந்தது 1988இல். 1914இல் வந்த ரயில் பாலம்தான் அதற்கு முன் தீவுக்குப் பாலம் என்று இருந்தது. அதனால் பஸ் தவறு, திருத்துங்கள். திருத்தும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிற்காலத்தில் பஸ்ஸில் போன ஏதோ ஒரு பயணம் அவர் மனதில் பழைய கதைக்குள் ஏறியிருக்கலாம். யாரோடு போனார், எதற்குப் போனார் என்று வீட்டில் கேளுங்கள். தவறுகளில் நிறைய இருக்கும்.

ராமேசுவரத்திலிருந்து ஒரு அம்மா: என் அம்மாச்சி ஒரே கதையைப் பலமுறை சொல்ல ஆரம்பிப்பார், ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார். மீதியை நானாகக் கற்பனை செய்வது சரியா?

உங்களுக்குப் பதில் சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐயாவின் நோட்டில் ஒரே கதை மூன்று முறை தொடங்கப்பட்டிருந்தது. இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பல் வருகிறது, ஒரு சுமைகூலி பெட்டிகளை இறக்கி போட் மெயில் ரயிலில் ஏற்றுகிறான். சுங்கக்காரர்கள், கருவாட்டுச் சிப்பம், கப்பலில் வாந்தி எடுத்து வந்த பிள்ளைகள், எல்லாம் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும். மார்கழி மாதம், மழை. வேலை முடிந்து அவன் குடிசைக்கு நடக்கிறான். மூன்று முறையும் வாசல் படலைத் திறக்கும் முன் கதை நின்றுவிடும்.

குடிசைக்குள் என்ன மர்மம் என்று நான் பல மாதம் கதைச்சிக்கல்களாக யோசித்தேன். கடைசியில் அப்பத்தாவிடம் கேட்டேன். 1964 டிசம்பர் 22 அன்று ஐயா தனுஷ்கோடியில் இல்லை. தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், சேலை எடுக்கப் பரமக்குடிக்குப் போயிருந்தார். அன்று இரவுதான் புயல். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. குடிசையும் போனது, உள்ளே இருந்த தங்கச்சியும்.

அவரால் அந்தப் படலைத் திறக்க முடியவில்லை. நான் திறந்தேன். அவளை நான் பார்த்ததே இல்லை, என்னால் முடிந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் பார்க்காத ஒருத்தியைப் பற்றி இஷ்டத்துக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று பயந்தேன். புயலை எழுதவே இல்லை. மதியம் மட்டும் எழுதினேன்: அவள் தண்ணீர் எடுத்து வருகிறாள், உலை வைக்கிறாள், அண்ணன் என்ன நிறம் எடுப்பானோ என்று யோசிக்கிறாள். அப்பத்தா சொன்னதைத் தாண்டி நான் சேர்த்தது அந்த நிறம் ஒன்றுதான்.

உங்கள் அம்மாச்சி நிறுத்தும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். 'அப்புறம்?' என்று கேட்காதீர்கள், 'அப்போ வீட்டில் யார் யார் இருந்தீங்க?' என்று கேளுங்கள். அழுதால் அன்றைக்குப் போதும். சொல்ல மறுத்தால், அவர் காலத்தில் அதை எழுதாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

தேவிபட்டினத்திலிருந்து: புத்தகத்தில் யார் பெயர்?

உங்கள் பெயர். முதல் பக்கத்தில் அவர் பெயரும், எவ்வளவு அவருடையது என்பதும் தெளிவாக.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அப்பாவைப் பெற்ற தாத்தாவின் நோட்டை ராமபாணப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. எழுத எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. என்ன செய்ய?

எழுதுவது பத்து வருடம் கழித்து நடக்கட்டும், படம் எடுப்பது இன்றைக்கே நடக்கட்டும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள நம் வீடுகளில் காகிதம் தாங்காது. பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்து, பக்கம் பக்கமாக எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள். ஒட்டியிருக்கும் தாளைப் பிரிக்க முயலாதீர்கள். நோட்டைப் பாயிலோ சுவரோரமோ வைக்காமல், நன்றாகக் காய்ந்த தகரப் பெட்டியில் வசம்புத் துண்டுகளோடு வையுங்கள்.

வெற்றுப் பக்கத்தையும் பின் அட்டையையும் விடாதீர்கள். ஐயாவின் நோட்டுப் பின் அட்டையில் 'சேலை 1, ரவிக்கைத் துணி 2' என்று ஏதோ பட்டியல் இருந்தது. கடைக்கணக்கு என்று நினைத்துப் படம் எடுக்காமல் விட்டேன். அப்பத்தா சொன்ன பிறகு ஓடிப்போய்ப் பார்த்தபோது, அந்த இரண்டு வரிக்குக் கீழே பூச்சி தின்றிருந்தது.