ரெக்ஸ் பிகோனியா வாடுவது தாகத்தால் அல்ல

கேள்வி: ஏற்காட்டு நர்சரியில் வாங்கிய, வண்ண இலைக்காக வளர்க்கும் ரெக்ஸ் பிகோனியாவைச் சேலத்தில் எங்கள் வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். இரவில் ஏ.சி. ஓடும். ஒரு மாதமாக இலை ஓரங்கள் கருகுகின்றன, செடியும் துவண்டு கிடக்கிறது. தினமும் இருவேளை போர்வெல் தண்ணீர் ஊற்றி, இலைமீதும் தெளிக்கிறேன். உரம் போதவில்லையா?

பதில்: உரப் பேச்சே இப்போது வேண்டாம் அம்மா. துவண்ட செடியைக் கண்டால் கை தானாகச் சொம்பைத் தேடும். உங்கள் செடிக்கு ஆபத்தே அந்தச் சொம்புதான். ரெக்ஸின் வேர்கள் மெல்லியவை, மேலாகவே படர்பவை. எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால்தான் ஈர மண்ணிலேயே செடி வாடுகிறது.

சந்தேகமிருந்தால் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பேறியிருக்கும், இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கும். அவற்றைச் சுத்தமான பிளேடால் வெட்டி எறியுங்கள். மண்ணோடு படரும் தடித்த தண்டையும் அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருக்கும் பகுதியை, வெட்டுவாய் பளிச்சென்று தெரியும்வரை நீக்க வேண்டும்.

மிஞ்சியதை, வேரளவுக்கே பொருந்தும் ஆழமில்லாத சிறு தொட்டியில் நடுங்கள். அலசிப் பிழிந்த தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். தடித்த தண்டு மேலே தெரியட்டும், புதைக்காதீர்கள். இனி மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்த பிறகு, காலையில், ஓரமாக ஊற்றினால் போதும்.

ஓரக் கருகல் வேறு கதை. ஏ.சி. காற்றின் வறட்சியும் போர்வெல் நீரின் உப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிகிறதா பாருங்கள். மழைநீர் இல்லாத நாளில், ஏ.சி. குழாயில் சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றலாம். அதில் உப்பு அநேகமாக இராது. ஆர்.ஓ. கருவியின் கழிவுநீர் மட்டும் வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இலைமேல் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். காற்றின் வறட்சி அதனால் தீராது; இலையில் ஈரம் தங்கிப் புள்ளி நோய்தான் வரும். நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைத்தால் அவற்றினிடையே காற்று சற்று ஈரமாக இருக்கும். ஏ.சி. நேரே படாத கிழக்கு ஜன்னலோரம் நல்ல இடம், நடுவே மெல்லிய திரை இருக்கட்டும். நேர்வெயிலில் நிறம் வெளுக்கும், இருட்டில் காம்பு நீண்டு தொய்யும். பூனை வளர்த்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையிலும் தண்டிலும் பூனைக்கு நஞ்சாகும் ஆக்சலேட் உண்டு.

வேர் பிழைக்குமா என்று காத்திருக்கும்போதே ஒரு காப்பு செய்துகொள்ளலாம். முற்றிய, கருகாத இலை ஒன்றைப் பறித்து, அடிப்பக்கத்தில் தடித்த நரம்புகள் கிளைக்கும் இடங்களில் குறுக்கே கீறுங்கள். கீறிய பக்கம் கீழே இருக்க, ஈரமான நார்க்கழிவின் மேல் பரப்பி, வளைத்த தென்னை ஈர்க்குகளால் அங்கங்கே குத்தி அழுத்திவிடுங்கள். மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வெயில் படாமல் வைத்தால், ஒன்றிரண்டு மாதத்தில் கீறல்தோறும் குட்டிச்செடி எழும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பினங்கள். விதையில் அதே நிறம் வராது, இலையில் வரும்.

புது இலை இரண்டு விட்ட பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரெக்ஸின் பூர்வீகம் அசாம் பக்கத்து ஈர மலைக்காடு. 18 முதல் 25 டிகிரிதான் அதற்குச் சுகம். ஏற்காட்டில் செழித்தது சேலத்துச் சித்திரையில் சிரமப்படத்தான் செய்யும். அடுத்த முறை வாங்கும்போது, பிரம்புபோல் கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும், வெள்ளிப் புள்ளி இலையுள்ள ஏஞ்சல் விங் வகைப் பிகோனியாவைக் கேளுங்கள். வெப்பத்தை அது இன்னும் நன்றாகத் தாங்கும்.