தாத்தாவின் ஒல்லிச் சுத்தியல்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஒல்லியான, லேசாக வளைந்த சுத்தியல் இருந்தது. இரண்டு முனைகளும் விரல்நுனி அளவுதான், ஒன்று பிளந்திருக்கிறது. உடைந்துவிட்டதா?

பதில்: உடையவில்லை அம்மா, செய்ததே அப்படித்தான். சோபா, நாற்காலிக்கு மெத்தை கட்டுபவரின் காந்தச் சுத்தியல் அது. பிளந்த முனையில்தான் காந்தம். குண்டூசியைக் காட்டிப் பாருங்கள், இன்னும் இழுக்கலாம். சின்ன ஆணியின் தலையை அதில் ஒட்டவைத்து ஒரு தட்டு. ஆணி பிடித்ததும் சுத்தியலைத் திருப்பி மறுமுனையால் இறக்க வேண்டும். இன்னொரு கை மெத்தைமேல் போர்த்தும் தோலை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும்! பழைய கைகாரர்கள் ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு நாக்கால் ஒவ்வொன்றாகச் சுத்தியலின் காந்த முனைக்கு நீட்டுவார்கள். என்ன லாவகம்! அப்புறம், துடுப்பு மாதிரி, துளை போட்ட கட்டை கிடைத்தால் எறியாதீர்கள். அது மெத்தைக்கு அடியில் தாங்கலாக வரும் நாடாப்பட்டையை இழுத்துக் கட்டுவதற்கு. சுத்தியல் துருவை எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள், காந்தம் போய்விடும்.