இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விக்ரமாதித்தன் வேதாளம் கதையெல்லாம் பிடிக்குமா?

பிடிக்கும். நீங்கள் கதை சொன்னால் பையன் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதாளம் கேள்வி கேட்ட கையோடு ராஜாவின் பதிலையும் நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள். நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

போன மே மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தலை மாறிய கதையைச் சொன்னேன். ஒரு பெண்ணின் கணவனும் அவள் கூடப்பிறந்தவனும் அம்மன் கோயிலில் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். தலைகளை ஒட்டவை, உயிர் தருகிறேன் என்கிறாள் அம்மன். அந்தப் பெண் பதற்றத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? கணவன் தலை யாருக்கு இருக்கிறதோ அவன்தான், தலையே பிரதானம் என்பது விக்ரமன் தீர்ப்பு.

"அதெப்படி? பரீட்சை எழுதினா யாரு கையெழுத்து வரும்?" என்றாள் மகள். எனக்குப் பதில் வரவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது, சைக்கிளில் விழுந்து தையல் போட்ட முழங்காலைக் காட்டி, "இது என்னோடதா, என் தலையோடதா?" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

குழந்தையிடம் தலை வெட்டுகிற கதையா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: அவள் நன்றாகத் தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை. பழம்பெருமை பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் சமஸ்கிருதத்தில் எழுதிவைத்த கதை இது. அதைக் கேட்டு ஒரு எட்டு வயதுப் பிள்ளை ராஜாவின் தீர்ப்பையே மறுக்கிறாள் என்றால், அதில் நீதிபோதனையைத் தாண்டி ஏதோ இருக்கிறது.

எனக்கு இந்தக் கதைகள் அம்புலிமாமாவில் கிடைத்தவை. 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் பத்திரிகை. தோளில் பிணமும் கையில் உருவிய வாளுமாக ராஜா நடக்கும், ஓவியர் சங்கரின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துக்கே போவேன். பழைய இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் அதே மரம், அதே வேதாளம் என்று புதுக் கதைகள் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தன. அப்பா வருடவாரியாக பைண்ட் பண்ணி வைத்திருந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்த சமயம் பார்த்து, உறவுக்காரர் ஒருவர் (பெயர் வேண்டாம், இந்தத் தளத்தில்தான் இருக்கிறார்) எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டார். இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. குடமும் ஓட்டை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியோடு நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். ஓர் அப்பனும் மகனும், வேறு குடும்பத்துத் தாயும் மகளும்: அந்தத் தாயை மகனும், அந்த மகளை அப்பனும் மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜா வாயே திறக்காத கதை அது. என் மகள் காலண்டர் தாளின் பின்பக்கம் அம்புக்குறி போட்டு இரண்டு நாளாகக் கணக்குப் பார்க்கிறாள். சித்தப்பா வரைக்கும் வந்திருக்கிறாள்.