ஸ்கேன் செய்த பழைய பி அண்ட் ஐடி (ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் காட்டும்) வரைபடங்களில் வால்வு, கருவிக் குறியீடுகளைக் கணினியே கண்டுபிடிக்க எந்த முறை நல்லது? யோலோ (படத்திலுள்ள பொருள்களைக் கண்டுபிடிக்கும் ஏஐ மாடல்) மட்டும் போதுமா?

போதாது. அது இல்லாமலும் ஆகாது.

ரசாயன ஆலைகளின் பைப்பிங் வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏ1 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் சுமார் 9,900 பிக்சல் வரும். அதில் 6 மில்லிமீட்டர் வால்வு ஏறக்குறைய 70 பிக்சல். யோலோவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 640 பிக்சல் அளவுக்கு முழுத் தாளையும் சுருக்கினால், அந்த வால்வு நாலைந்து பிக்சல் அழுக்காகிவிடும். நான் அப்படித்தான் கொடுத்துவிட்டு, மாடல் சரியில்லை என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். தாளைத் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். வெட்டும் இடத்தில் வால்வு பிளந்துபோகாமல் இருக்க, பக்கத்துத் துண்டுகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். இரண்டு தடவை எண்ணியதைப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தலைவலி வேறு. கேட் வால்வு என்பது படுக்கவைத்த உடுக்கை மாதிரி, முனையோடு முனை தொடும் இரண்டு முக்கோணங்கள். இடுப்பில் கருப்புப் பொட்டு வைத்தால் குளோப் வால்வு; வெறும் வளையம் போட்டால் பால் வால்வு. பழைய அம்மோனியா பிரிண்ட்டில் (அம்மோனியா ஆவியில் எடுத்த நகல்) கோடு தடித்து வளையம் அடைத்துக்கொண்டிருக்கும். மாடல் அதைக் குளோப் என்று அடித்துச் சொல்லும், பொருள் பட்டியலிலும் அப்படியே போய் உட்காரும். வளையமா பொட்டா என்பதை மட்டும் இன்றுவரை ஆளை வைத்துத்தான் பார்க்கிறோம்.

கருவிக் குறியீடுகள் பெரும்பாலும் வட்டங்கள்; அவற்றுக்கு நான் இன்னும் ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம் என்ற வடிவம் தேடும் கணக்கைத்தான் நம்புகிறேன். 1962இல் காப்புரிமை பெற்ற யோசனை, முதலில் நேர்கோடுகளுக்கானது. வட்டத்துக்கு எடுத்துக்கொண்டால், விளிம்பிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் 'மையம் இங்கே இருக்கலாம்' என்று ஓட்டுப் போடும். உள்ளே எழுத்து இருந்தாலும், குறுக்கே கோடு போனாலும் ஓட்டு குவிகிற இடம் மாறாது. நடுவில் முழுக்கோடு இருந்தால் கட்டுப்பாட்டு அறைக் கருவி, இல்லாவிட்டால் களத்தில் இருப்பது.

டெம்ப்ளேட் மேட்சிங் (மாதிரிக் குறியீட்டைத் தாள் முழுக்க வைத்து ஒப்பிட்டுத் தேடுவது) செத்துவிட்டது என்பவர்களை நம்பாதீர்கள். எல்லாத் தாள்களும் ஒரே ஆபீஸில், ஒரே பிளாக் (ஒருமுறை வரைந்து திரும்பத் திரும்பப் போடும் குறியீடு) தொகுப்பை வைத்து வரைந்தவை என்றால் பயிற்சியே தேவையில்லை. செங்குத்துக் குழாய்க்காக உடுக்கையைத் திருப்பியும் தேடச் சொன்னால் போதும்.

குறியீட்டைக் கோட்டிலிருந்து பிரித்தால்தான் இன்னதென்று தெரியும், இன்னதென்று தெரிந்தால்தான் எங்கே பிரிப்பது என்று தெரியும். கையெழுத்தைப் படிப்பதில் இந்தச் சிக்கலை கென்னத் சேயர் என்ற ஆய்வாளர் 1973லேயே சொல்லிவிட்டார். நாங்கள் குழாயை வைத்துச் சமாளிக்கிறோம்: வால்வு என்றால் இரண்டு பக்கமும் குழாய் தொடவேண்டும். ஒன்றுமே தொடாத 'வால்வு' பெரும்பாலும் ஓரத்திலுள்ள குறியீட்டு விளக்கக் கட்டத்தில் இருப்பதாகத்தான் இருக்கும்.

எதற்கும் முதலில், இந்தத் தாள்களின் டிடபிள்யூஜி (ஆட்டோகேடில் வரைந்த மூல) கோப்பு யாருடைய பழைய ஹார்டு டிஸ்க்கிலாவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்து, வால்வுகளைப் பிளாக்காகப் போட்டிருந்தால், பிளாக் பெயரைப் படித்தாலே போதும், மேலே சொன்ன எதுவும் வேண்டாம்.