கயிறு கையை அறுக்கிற நேரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குரலிசை இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் பாம்பன் பக்கம். தாத்தா கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு, சின்ன வயதில் அவரிடம் கேட்டது, பதினைந்து இருபதாவது எனக்குத் தெரியும். அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர். அம்மாவைப் பற்றி நானே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருக்கிறேன்.

போன மாதம் ஊர்த் திருவிழா மேடையில் ஒரு கீர்த்தனை, தாத்தாவின் அம்பா, என் பாட்டு என்று மூன்று பாடினேன். கீர்த்தனைக்கு முன்வரிசை மட்டும் கை தட்டியது. அம்பாவுக்கு ரிதம் பேடு வைத்து அடித்தார்கள், பையன்கள் எல்லாம் எழுந்து ஆடினார்கள். ஆனால் தாத்தா பாதியில் எழுந்து போய்விட்டார். என் பாட்டு தொடங்கியதுமே 'சினிமாப் பாட்டு பாடும்மா' என்று குரல் வந்தது.

எங்கள் சார், 'சொந்தப் பாட்டெல்லாம் இப்போ வேண்டாம், கரைப் பாட்டும் வேண்டாம், குரல் கெட்டுப்போகும், முதல்ல வர்ணம் உருப்படட்டும்' என்கிறார். நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் பஸ் காசுகூடத் தருவதில்லை. நான் எதைப் பாடுவது ஐயா? பழசையா, என்னுடையதையா? பாட்டின் பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

என் மூத்த மகளுக்கு உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன். பதிவை நான்கு தடவை கேட்டேன். அதற்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது ஒரே ஒரு வரி, தாத்தா பாதியில் எழுந்து போனார் என்பது. முதலில் அதைப் பேசுவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் கல்லூரியில் படித்தேன். நானும் மேடையில் பாடியவன்தான். ஒரு கலைவிழாவில் டோலக், ஆர்மோனியம் வைத்து ஒரு அம்பாப் பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினேன். தனியாகப் பாடுகிற அடியை நன்றாக நீட்டி, இரண்டு மூன்று சங்கதி போட்டு இறக்குவேன். கூட்டம் அதற்குத்தான் கை தட்டியது. அந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது முகுந்தராயர் சத்திரம் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன். உனக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். ஒருவர் ஒரு அடி பாடுவார். அந்த நேரத்தில் மற்றவர்கள் பிடியை மாற்றி, குதிகாலை மணலில் ஊன்றிக்கொள்வார்கள். 'ஏலேலோ' என்று எல்லோரும் வாங்கிப் பாடும்போது இழுப்பு விழும்.

ஆசையில் நான் ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று கேட்டேன். 'சரி, பாடு' என்றார்கள். பரிசு வாங்கியது போலவே முதல் அடியை நீட்டினேன். இரண்டாவது அடியையும் நீட்டினேன். மூன்றாவது அடி முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, சீக்கிரம் விடுப்பா, கயிறு கையை அறுக்குது."

திரும்பிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருந்தார்கள். நீரோட்டம் வலையை அந்தப் பக்கம் இழுக்கிறது, இவர்கள் என் சங்கதி முடியட்டும் என்று தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அடுத்து நின்றவரின் கையைப் பார்த்தேன். கயிறு உள்ளங்கையில் பதிந்து, நகத்தடியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவரே அடியை எடுத்தார். நாலு சொல்தான், சட்டென்று முடிந்தது. உடனே 'ஏலேலோ'. கயிறு ஒரு முழம் கரைக்கு வந்தது.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்று கேட்டேன். அவர் பாடிய அடிகளில் பாதி அன்றைக்கு, அங்கேயே கட்டியவை. மீன் எடுக்க வந்து மேட்டில் சைக்கிளோடு நின்ற வியாபாரியைப் பற்றி ஒன்று. காய்ச்சலில் படுத்து அன்றைக்கு வராமல் போனவரைப் பற்றி ஒன்று. மீன் சேருகிற வலையின் மடி கரையை நெருங்க நெருங்க அடி இன்னும் குறுகியது, வேகம் ஏறியது, கடைசியில் சொல் எல்லாம் போய் ஏலோ மட்டும் நின்றது.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அம்பாவில் ஒரு அடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதைக் கயிறு பிடித்த கை முடிவு செய்கிறது. அந்த அளவுதான் மரபு. அந்த அளவுக்குள் என்ன சொல்வது என்பது பாடுகிறவர் இஷ்டம். வாங்கிப் பாடுகிற ஏலேலோ பழசு, எடுத்துப் பாடுகிற அடி அன்றன்றைக்குப் புதுசு. உன் தாத்தா காலமெல்லாம் சொந்தப் பாட்டுத்தான் பாடியிருக்கிறார் மகளே. பழசையா என்னுடையதையா என்று நீ கேட்கிற கேள்வி அவருக்கு வந்தே இருக்காது.

அவர் ஏன் எழுந்து போனார் என்று அவரிடமே கேள். எனக்குத் தோன்றுவது இதுதான். பேடு ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே போயிருக்கும். பிடி மாற்ற இடம் இல்லை, இழுக்க இடம் இல்லை. ஆயுசு முழுக்கக் கயிறு பிடித்த கை, அந்தத் தாளத்தில் எங்கே இழுப்பது என்று தேடிப் பார்த்திருக்கும். அடுத்த தடவை அம்பா பாடும்போது பேடு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஊரில் பத்துப் பேரை மேடையேற்றி வாங்கிப் பாடச் சொல். கையில் நிஜக் கயிறு ஒன்றைக் கொடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கயிறு கையில் இருந்தால் நீ அடியை நீட்ட மாட்டாய்.

உனக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது, உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகரின் திருப்பொன்னூசலில் அந்த ஊர் வருகிறது. பெண்கள் ஊஞ்சல் ஆடிக்கொண்டே பாடுகிற பாட்டு அது. ஒவ்வொரு பாட்டும் 'பொன்னூசல் ஆடாமோ' என்றுதான் முடியும். ஊசல் போய்த் திரும்புகிற இடம் அது. திருவாசகத்தில் அம்மானை, சாழல், பொற்சுண்ணம், தெள்ளேணம் என்று வருகிற தலைப்புகளைப் பார். பெண்கள் விளையாடும்போதும் இடிக்கும்போதும் பாடிய பாட்டு வடிவங்கள் அவை. அவர் ஊசலின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு தன் சொல்லை ஏற்றினார். ஊஞ்சலுக்குப் பவளத்தில் கால், முத்தில் கயிறு, பொன்னில் பலகை என்று கட்டுகிறார். முத்து நம் கடலில் எடுத்த சரக்கு. எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் சொந்த ஊரில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். இதைச் சமயப் பாட்டாக மட்டும் பாராமல், பாட்டுக் கட்டுகிறவளாக ஒரு தடவை வாய்விட்டுப் பாடிப் பார்.

உங்கள் சார் சொல்வதில் பாதி சரி. கரையில் பாடுகிற குரல் காற்றையும் அலையையும் தாண்டிப் போக வேண்டிய குரல். தொண்டையைத் திறந்து எறிய வேண்டும். ராத்திரி அப்படிப் பாடிவிட்டுக் காலையில் 'ஆ' என்று ஸ்வரங்களை நீட்டிப் பழகுகிற அகார சாதகம் செய்தால் தொண்டை கட்டத்தான் செய்யும். மேடையில் மைக் இருக்கிறது, எறிய வேண்டியதில்லை. தாத்தாவின் அளவை எடுத்துக்கொள், தாத்தாவின் சத்தத்தை அப்படியே எடுக்காதே. வர்ணத்தை விட்டுவிடாதே. ஒரே வரியை இரண்டு காலத்தில் பாடும்போது மூச்சை எங்கே எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது என்று உடம்பு படிக்கிறது. அதுவும் கயிறுதான்.

சொந்தமாகக் கட்டினால் குரல் கெடும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராமநாதபுரம் என்று நம் ஜில்லா பெயரையே முன்னால் போட்டுக்கொண்ட பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919) பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பாடம் கேட்டவர். பெரிய கச்சேரி வித்வான். வர்ணமும் கீர்த்தனையும் தில்லானாவும் தாமே இயற்றினார். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை உருவாக்கியதும் அவர்தான். பாடம் கேட்பது, கச்சேரி செய்வது, இயற்றுவது, சொல்லிக்கொடுப்பது எல்லாம் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கிறது. இதைச் சாரிடம் வாதத்துக்காகச் சொல்லாதே. உன் பாட்டையே அவரிடம் கொண்டுபோய்க் காட்டு. இரண்டாவது கண்ணியில் மேலே போகும்போது உனக்குச் சுருதி இறங்குகிறது. ஏன் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். திருத்தச் சொல்லிக் கேட்கிற பிள்ளையிடம் எந்த வாத்தியாரும் கோபப்பட மாட்டார்.

காசு விஷயம். பஸ் காசு, சாப்பாடு, உனக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஒரு தொகை. இதைக் கூப்பிடும்போதே பேசிவிடு. பந்தலுக்குக் கொடுக்கிறார்கள், மைக் செட்டுக்குக் கொடுக்கிறார்கள், படிக்கிற பிள்ளைக்கு மட்டும் 'வாய்ப்பு' கொடுக்கிறார்கள். அது தப்பு. உன் ஊர்க் கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ நீயாக ஆசைப்பட்டுச் சும்மா பாடினால் அது வேறு.

இன்னொன்று. பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. மீனவர்களுக்காகவே நடக்கிற நிலையம். உன் பாட்டோடு ஒரு தடவை அங்கே போய்க் கேட்டுப் பார். அம்பாவைக் கேட்டுத் தப்பு எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் அந்த வானொலியைக் கேட்பவர்கள்தான். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் போய் உட்கார். பாட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டால் வராது. கயிறு இழுத்த கதையைக் கேள், பாட்டு தானாக வரும். போனில் பதிந்துகொள். யாரிடம் எந்த ஊரில் கேட்டது என்று எழுதி வை, மேடையில் பாடும்போது அந்தப் பெயரைச் சொல்.

இனி உன் பாட்டு.

கண்ணாடி மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள போனவளே
கையில சுத்துன துணி காயலையே காயலையே

இந்த இரண்டு வரிக்காக உனக்கு நன்றி சொல்கிறேன். துணி எதற்கு என்று நீ விளக்கவே இல்லை. பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றுகிற துணி என்று உன் ஊருக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நேற்றுச் சுற்றிய துணி காய்வதற்குள் இன்றைக்கும் போகிறாள். முழு வாழ்க்கையும் அதில் வந்துவிட்டது. 'காயலையே காயலையே' என்பது பிறர் வாங்கிப் பாடவேண்டிய இடம். பதிவில் அதையும் நீயே தனியாகப் பாடியிருக்கிறாய்.

மூன்றாவது கண்ணியில் 'அலைகடல் தாயே', 'நீலவானம் சாட்சி' என்றெல்லாம் வருகிறது. அதை எடுத்துவிடு. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் ஊரில் தென்பக்கம் ஆண்கடல், வடபக்கம் பெண்கடல். காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று பெயர் இருக்கிறது. அம்மா எந்தக் கடலில் இறங்குகிறார்? எந்தக் காற்றில் இறங்க முடியாமல் வீட்டில் இருக்கிறார்? அதைச் சொல்.

அந்தக் கண்ணியில் அடியும் நீளம். நடுவில் நீ மூச்சு வாங்குவது பதிவில் கேட்கிறது. அடுத்த தடவை லீவில் அம்மாவோடு வள்ளத்தில் போ. அவர் முங்கியதிலிருந்து மேலே வரும்வரை உனக்குள் தாளம் போட்டு எண்ணு. மேலே வந்ததும் வாயால் ஊதி விடுகிற மூச்சுக்கு ஒரு சத்தம் இருக்கும், அதைக் கவனி. அந்த மூச்சு தாங்குகிற அளவுக்கு உன் அடியை வெட்டிப் பார். 'காயலையே' என்று வாங்குவதற்கு அம்மாவோடு பாசிக்குப் போகிற பெண்கள் நாலு பேரை வீட்டு வாசலில் உட்காரவைத்துப் பாடு. தாத்தாவுக்கும் ஒரு நாற்காலி போடு. பதிவு செய்து அனுப்பு. தாத்தா கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாரா என்று மறக்காமல் எழுது.