அப்பாவின் கை நடுக்கத்துக்கு எஸ்ஓடி மாத்திரை வாங்கலாமா?

குடியாத்தத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்றும், தெரிந்தவர் ஒருவர் 'மூளையைக் காக்கும் புரதம்' என்று எஸ்ஓடி (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்) மாத்திரை டப்பாவை நீட்டுகிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான்; ஆனால் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அப்போது சூப்பராக்சைடு என்ற பொல்லாத கழிவு உண்டாகும். 1969இல் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்த எஸ்ஓடி, நம் உடலிலேயே இருக்கும் புரதம்; அது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதுவும் சும்மா இல்லை. கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று அடுத்த ஆட்கள் வந்து தண்ணீராக்கினால்தான் செல்லுக்கு நிம்மதி.

சரி, அதை மாத்திரையாகப் போட்டால்? அந்தப் புரதத்துக்கும் ஆம்பூர் பிரியாணிக் கறிக்கும் வயிறு பேதம் பார்க்காது. இரண்டையும் அறுத்துப் போட்டுவிடும். மூளைவரை அது முழுசாகப் போய்ச் சேராது. இதே மாதிரிக் கழிவை அடக்கும் என்று நம்பி வைட்டமின் ஈயையும் 800 பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1993இல் வந்த முடிவு, நோயின் வேகம் குறையவில்லை என்பதுதான்.

அப்புறம், அப்பா பார்க்கின்சனுக்கான லெவோடோபா மருந்து சாப்பிடுகிறாரா? காட்பாடியில் என் பெரியப்பா அதை முட்டை தோசையோடு விழுங்கிவிட்டு, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். உணவுப் புரதம் அந்த மருந்தோடு போட்டி போடும். டாக்டர் சொல்லி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று மாற்றியதும் தேவலை. நீங்களும் நரம்பு டாக்டரிடம் நேரத்தைக் கேளுங்கள். டப்பாக்காரர் பேச்சைக் கேட்டு, இருக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.