பன்னீர் திராட்சை ஜாம்: முதல் முறை போடுகிறவர்களின் கேள்விகள்

அக்கா, 1 கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வைத்திருக்கிறேன். மிக்ஸியில் அரைத்தே ஜாம் போட்டுவிடலாமா?

வேண்டாம்மா. கொட்டை உடைந்தால் கசந்துவிடும். காம்பு நீக்கி அலசி, தோலோடு கால் டம்ளர் தண்ணீரில் வேகவையுங்கள். பழம் குழைந்ததும் மசித்துச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். நிறமும், ஜாமை இறுக வைக்கும் பெக்டினும் தோலில்தான் அதிகம். அதனால் அவசரமாக வடித்துவிடாதீர்கள். 1 கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு போதும். புளிப்புப் பண்டம் என்பதால் அலுமினியம் கூடாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள்.

பதம் எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் முறை போடுகிற எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். கரண்டியில் கெட்டியாக வரட்டும் என்று நானும் கிண்டிக்கொண்டே நின்றேன். ஆறியபின் கமர்கட்டு மாதிரி ஆகிவிட்டது. சூட்டில் ஜாம் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். ஒரு சின்னத் தட்டை முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடுப்பைக் குறைத்து, அந்தத் தட்டில் ஒரு சொட்டு ஜாம் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் உடனே இறக்குங்கள். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ்.

நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். 105 வரவே இல்லை, அதற்குள் தீய்ந்துவிட்டது.

வராதுங்க. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளந்து, அதோடு 4 முதல் 5 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். 97 பக்கம் வந்ததும் தட்டில் விட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்குச் சுகர். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கெட்டுவிடுமா?

சீக்கிரம் கெட்டுவிடும். பழத்திலுள்ள ஈரத்தைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் கட்டிப்போடுவது சர்க்கரைதான். முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 பங்காவது கரைந்த சர்க்கரை இருக்க வேண்டும். குறைத்தால் அது ஜாம் இல்லை, பழக்கூழ். கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். திராட்சையிலேயே சர்க்கரை உண்டு. அப்பா எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஊறுகாய் பாட்டில் போதுமா?

பாட்டில் சரி, மூடி வேண்டாம். எத்தனை கழுவினாலும் பெருங்காய வாசம் போகாது. பாட்டிலையும் புது மூடியையும் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். சூடான ஜாமைச் சூடான பாட்டிலில்தான் ஊற்ற வேண்டும். சில்லென்ற பாட்டிலில் விரிசல் விழுந்துவிடும். அடியில் மடித்த துணி போடுங்கள். அரை அங்குலம் இடம் விட்டு உடனே மூடுங்கள். திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான். ஈரக் கரண்டியும் பிரெட் துகளும் உள்ளே போகவே கூடாது.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் பாட்டிலோடு கொட்டிவிடுங்கள். குழந்தைகள் சாப்பிடுகிற பண்டம்.

அன்னாசி ஜாம் இறுகவே இல்லை. பெக்டின் பொடி வாங்கணுமா?

முதலில் ஒரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். அப்போதும் ஓடினால் எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி கொதிக்கவிடலாம். அன்னாசியில் பெக்டின் குறைவு. அடுத்த முறை செங்காயான கொய்யா ஒன்றை நறுக்கி, மெல்லிய துணியில் முடிந்து பழத்தோடு வேகவைத்து, சர்க்கரை போடும் முன் பிழிந்து எடுத்துவிடுங்கள். பொடி தேவைப்படாது.